சரித்து வெட்டாத கிணறு

எங்கள் குடியேற்றத் திட்டத்தின் பொதுக்கிணற்றுக் கட்டில், சீமெந்து ஈரமாய் இருந்தபோது ஆணியால் கீறிய எழுத்து இன்னும் இருக்கிறது. எந்தத் திட்டம், எந்த வருடம் என்று. அண்மையில் குடியேற்றங்களின் சரித்திரம் எழுதுகிறேன் என்று ஒருவர் வந்து, குனிந்து அதைப் படித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டார். "அப்ப இது அரசாங்கம் கட்டின கிணறு, என்னம்மா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினது அரசாங்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கொங்கிறீற் வளையங்கள் லொறியில் வந்ததையும், ஏற்கனவே அங்கே இருந்த குழிக்குள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் இறக்கியதையும் நானும் நின்று பார்த்தேன். ஆனால் வெட்டினது ஆர் என்று அந்த மனிசன் கேட்கவேயில்லை. கேட்காத ஆளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம். எங்கள் ஊரில் ஒரு முழம் மண்ணைத் தள்ளினால் கீழே சுண்ணாம்புக் கல். கிணறு வெட்டுவதென்றால் அலவாங்கால் துளைத்து, வெடி வைத்துக் கல்லை உடைத்து உடைத்துக் கீழே இறங்குவது. மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் வெட்டி முடிந்தால் முடிந்ததுதான். உள்ளே சுவர் கட்டத் தேவையில்லை, பூமியே சுவர். தூக்குநூல் பிடித்ததுபோல நேராக நிற்கும். உடைத்த கல்லை எல்லாம் கிணற்றின் வாயைச் சுற்றியே குவித்து வைப்போம், பிறகு மதில் கட்ட உதவும் என்று. அந்தக் குவியலின் மேல் ஏறி நின்றுதான் உள்ளே எட்டிப் பார்ப்போம். கிணறு இடிந்து விழும் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்கு விசர் என்றுதான் நினைத்திருப்போம்.

அப்படிப்பட்ட தலையோடுதான் ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் வன்னிக்கு வந்தோம். அரசாங்கம் காணி பங்கிட்ட காணிக்கச்சேரியில் என் கணவருக்குக் காணி கிடைத்தது. பரந்தனில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் மிச்ச வழி வந்தோம். மேட்டுக்காணியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள ஓட்டு வீடு. வாய்க்காலுக்கு அப்பால் வயற்காணி. கிணறு வரைபடத்தில் இருந்தது. நாலைந்து காணிக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டம் நிலத்துக்கு வரும்வரை வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடித்தோம், தூரத்தில் திட்ட அதிகாரிகளின் கந்தோருக்கு முன்னால் இருந்த கிணற்றிலும் அள்ளினோம்.

காட்டோரம் ஒரு பழைய ஊர் இருந்தது. எங்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே அங்கே இருந்த சனம். அவர்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தைத் துரவு என்பார்கள். அகலமாய், நாலு பக்கமும் சரிவாய் வெட்டிய பள்ளம். குடத்தோடு நடந்து இறங்கலாம். முதன்முதல் அதைப் பார்த்தபோது நாங்கள் சிரித்தோம். கிணறு வெட்டப் பஞ்சிப்பட்ட சோம்பேறிச் சனம், மாடு இறங்குகிறதுபோல ஒரு குழியைக் கிண்டி வைத்திருக்குது என்று பகிடி பண்ணினோம். எல்லாரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன். அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் அந்த மண்ணுக்கு ஏற்றபடி வெட்டிய கிணறு அது என்று விளங்குகிற புத்தி அப்போது எங்கள் ஒருவருக்கும் இருக்கவில்லை.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. மாரி ஏமாற்றிவிட்டுப் போனது. சித்திரை, வைகாசியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற குளம் நடுவில் ஒரு சேற்றுக் குட்டையாய்ச் சுருங்கியது. வாய்க்காலை எப்போதோ பூட்டிவிட்டார்கள். கந்தோரடிக் கிணற்றில் வாளியை விட்டால் சேறு ஏறியது. குளத்துக் குட்டையில் மாடும் எருமையும் கிடந்து உழக்க, அந்த மிச்சத்தை நாங்கள் அள்ளினோம். மண் தெளிந்தாலும் மணம் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. வைகாசி பிறக்கும்போது அவளுக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. பிறகு குடித்ததை எல்லாம் வெளியே தள்ளுகிற சத்தியும் சேர்ந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் மருந்து எடுத்தோம். நாலு நாள் நிற்கும், திரும்பவும் தொடங்கும். இரண்டாம் முறை போனபோது ஆஸ்பத்திரியில் மருந்து தருகிற அப்போதிக்கரி ஐயா அவளின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. அவர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, மருந்து வேலை செய்யுது. நீங்கள் குடுக்கிற தண்ணிதான் அதைக் கெடுக்குது. நல்ல ஊற்றுத் தண்ணியாப் பார்த்து, கொதிக்க வைச்சு, ஆறவிட்டுக் குடுங்கோ. ஒரு கிழமைக்கு மேல இந்தப் பிள்ளை தாங்காது."

ஊருக்குக் கொண்டுபோகட்டோ என்று கேட்டேன். எங்கள் கலியாணம் இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கலியாணம். அதையும் விழுங்கிக்கொண்டு போய்ப் படலையில் நிற்க நான் தயார். ஐயாதான் மறித்தார். அந்த வெயிலில் அவ்வளவு தூரம் பிள்ளை போய்ச் சேராது என்றார்.

நல்ல தண்ணீர் எங்கே இருந்தது? பழைய ஊர்த் துரவும் அந்த வருடம் வற்றிப்போயிற்று. அந்தச் சனம் காய்ந்த ஆற்று மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு மாட்டுக்காரர் எங்கள் காணி வழியாய்ப் போவார். என் கணவரின் வயதுதான் இருக்கும். பிள்ளையின் கதையைக் கேள்விப்பட்டு, இடையிடையே அரைச் செம்பு தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்துத் தந்தது அது. என் மகள் அந்தக் கிழமைவரை உயிரோடு கிடந்தது அந்தத் தண்ணீரில்தான். பிறகு அவரும் வெறுங்கையோடு வந்தார். "இண்டைக்கு ஊறேல்லைத் தங்கச்சி" என்றார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

அன்று பின்னேரமே என் கணவர் வீட்டுக்குப் பின்னால் கிணற்றுக்கு வட்டம் கீறிவிட்டார். மேட்டுக்காணி வாய்க்காலை நோக்கிச் சரிகிற பள்ளப் பக்கம் அது, பத்து முழத்துக்குள் தண்ணீர் வரும் என்பது அவரின் கணக்கு. அடுத்த காணிக்காரர் துணைக்கு வந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். இரண்டு மண்வெட்டி, ஓர் அலவாங்கு, மண் அள்ள இரண்டு ஓலைக் கடகம்.

மாட்டுக்காரர் மாடுகளை நிற்பாட்டிவிட்டு வந்து பார்த்தார்.

"அண்ணை, இது உங்கட ஊர்க் கல்லு நிலமில்லை. மேல இறுக்கமாத்தான் இருக்கும். கீழ போகப் போகக் குறுமணல். சரிச்சு வெட்டுங்கோ."

"சரிச்சு வெட்டினா எத்தினை நாள் பிடிக்கும்?" என்று என் கணவர் கேட்டார்.

"ரெண்டு பேர் எண்டா ஒரு மாசம் வேணும்."

நான் குசினி வாசலில் நின்றேன். என் வாய் சும்மா இருக்குமா? "ஒரு மாசமோ! என்ர பிள்ளைக்கு ஒரு கிழமைதான் சொல்லியிருக்கு. உங்கட மாடு இறங்கிற குழி எங்களுக்கு வேண்டாம். நாங்கள் கிணறு வெட்டுறம்" என்றேன்.

அரைச் செம்பு தண்ணீர் தந்த மனிசனுக்கு நான் சொன்ன பேச்சு அது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை எடுத்தார்.

முதல் மூன்று நாளும் மண் கல் மாதிரி நின்றது. காய்ந்து இறுகிய நிலம், அலவாங்கு பட்டால் கணீர் என்றது. சுவர் நேராக, வெட்டிய அடையாளம் கூடக் கலையாமல் நின்றது. அவர் உள்ளே நின்று கையால் தட்டிக் காட்டினார். "இஞ்ச பாரும், எங்கட ஊர்க் கிணறுமாதிரியே நிக்குது. அந்தாள் சும்மா வெருட்டிப்போட்டுப் போயிட்டார்" என்றார். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு வசதி இருக்கவில்லை. அள்ளிய மண்ணை எல்லாம் கிணற்றின் வாயைச் சுற்றி ஊர் வழக்கப்படி குவித்தோம். கடகத்தை வாங்கி வாங்கிக் கொட்டியதில் பாதி நான்தான். அது என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

பிள்ளை உள்ளே சேலையில் கட்டிய ஏணையில் கிடந்தாள். அழவும் தெம்பு இல்லாமல் போயிற்று. அழுதாலாவது உயிர் இருக்கிறது என்று தெரியும். இரண்டு கடகம் கொட்டுவேன், ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன், திரும்பி ஓடிவருவேன். பெயர் தெரிந்த, தெரியாத எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டேன், அதே வாயால் ஏசவும் ஏசினேன்.

ஐந்தாம் நாள் காலையில் மண்வெட்டி ஈரத்தில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் கணுக்காலளவு தண்ணீரில் நின்றார். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் உப்பா நல்லதா என்பதுதான் முதல் பயம்.

"உவர் இல்லையப்பா! நல்ல தண்ணி!" என்று கத்தினார்.

நான் வாளியை இறக்கச் சொல்லிவிட்டு அடுப்பு மூட்ட ஓடினேன். விறகை வைத்திருக்க மாட்டேன், பின்னால் ஒரு சத்தம். நெல்லுச் சாக்கை நிலத்தில் போட்டதுபோல, பெரிதாய்க்கூட இல்லை. அடுத்த காணிக்காரர் "ஐயோ" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கீழே ஈரமணல் கரைந்து வழிந்து, மேலே இருந்த இறுக்கமான மண் ஒரு பக்கமாய்ப் பாளம் பாளமாய் விழுந்திருந்தது. அவர் நெஞ்சுவரை மண்ணுக்குள். முகம் மேலே பார்த்தபடி இருந்தது. உயிரோடு இருந்தார், கதைத்தார். கைகள் இரண்டும் வெளியேதான். கயிற்றைப் போட்டு இழுத்தோம். "இழுக்காதேங்கோ, இடுப்பு பிய்யுது" என்று கத்தினார். ஈர மணல் அவரைப் பிடித்துவைத்திருந்தது.

அடுத்த காணிக்காரர் வயற்கரைக்கு ஓடிச் சத்தம் போட, குடியேற்றத்து ஆண்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். நல்ல மனிசர். ஒருவரும் தயங்கவில்லை. ஆனால் எல்லாரும் எங்கள் ஊர்ச் சனம். வந்தவர் வந்தபடி கிணற்றின் வாயில் குவித்திருந்த மண்ணின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். கிணற்றுக் கரை கல்லாய் இருக்கிற ஊரில் பிறந்த கால்கள் அவை. அந்தக் கால்களுக்குப் பயம் தெரியாது.

நான் விளிம்பில் குப்புறப் படுத்து அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை எழும்பிட்டாளோ?" என்று கேட்டார்.

"இல்லை. கிடக்கிறாள்."

"மேல வந்த வாளித் தண்ணியைத் தெளியவிட்டு, கொதிக்க வைச்சு..."

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ! மூச்சைச் செலவழிக்காதேங்கோ. எனக்குத் தெரியாதோ!" என்றேன்.

குளக்கட்டுப் பக்கமாய் மாட்டுக்காரர் ஓடிவந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கையை ஆட்டிக் கத்தினார். "விளிம்பில நில்லாதேங்கோ! இறங்குங்கோ! மண் கும்பியை அங்கால தள்ளுங்கோ!" ஒருவருக்கும் அவர் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் கரை இறங்கியது. குவித்த மண்ணும் வெட்டாத மண்ணும் சேர்ந்தே போயிற்று. மேலே நின்றவர்கள் பின்னுக்குப் பாய்ந்து தப்பினார்கள். யாரோ என் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் இருந்த இடத்தில் மண் மட்டும் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நான் அவருக்குச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

மாட்டுக்காரர் வந்து ஒருவரையும் ஏசவில்லை. நான் முன்னர் பேசியதை அவர் முகத்தில் தேடினேன், அங்கே அது இல்லை. கரையிலிருந்து எல்லாரையும் தள்ளிவிட்டார். இருபது முழம் பின்னுக்குப் போய் நின்று, காலால் கோடு இழுத்து, "இதில இருந்து சரிச்சு வாங்கோ" என்றார். நாற்பது பேர் வெட்டினார்கள். பெண்கள் கடகம் தூக்கினோம், தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். ஐந்து நாளைக்கு முன்னர் சரித்து வெட்ட எங்களிடம் ஒரு மாதம் இல்லையென்று இருந்தது. இப்போது நாற்பது பேர் ஒரு பகலில் வெட்டுகிறார்கள். அன்றைக்கே போய்க் கேட்டிருந்தால் இவர்கள் வந்திருப்பார்களே! நாங்கள் ஒரு வீட்டிலும் போய்க் கேட்கவில்லை. எங்கள் கிணற்றை நாங்களே வெட்டுவோம் என்கிற எண்ணம். அந்த எண்ணம் நாசமாய்ப் போக.

மத்தியானம்வரை நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எங்களில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. நான் சொன்னேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னேன். பதில் வரவில்லை.

பொழுது சாயும்போது அவரை எடுத்தார்கள். நின்றபடியே இருந்தார். எடுத்து மேலே கொண்டுவந்து கிடத்திய பிறகு நான் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சரிந்து, அகலமாய், நடந்து இறங்கக்கூடியதாய் ஒரு துரவு அங்கே இருந்தது.

அடுத்த நாள் காலையில் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் படலையோடு நின்றோம். தாலி கழற்றிய கழுத்தோடு நான் அறைக்குள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் மேலே அனுப்பிய அந்த ஒரு வாளித் தண்ணீரை நெரிசலில் யாரோ தட்டி ஊற்றிவிட்டார்கள். பிள்ளையின் உதடு வெடித்துக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. நான் அவருக்காக அழுதேனா அவளுக்காக அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்றைக்கே இவளையும் கொண்டுபோவார்கள் என்றுதான் நினைத்தேன். அதே பாடை இவளுக்கும் போதும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் மனம் போயிற்று.

சுடலையால் திரும்பிய ஆண்கள் முழுகத் தண்ணீர் இல்லாமல் குட்டைச் சேற்றைத் தலையில் தெளித்துக்கொண்டு வந்தார்கள். வந்ததும் மண்வெட்டிகளை எடுத்தார்கள். சத்தம் கேட்டு நான் யன்னலால் பார்த்தேன். மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். ஆள் செத்த கிணற்றை எங்களில் வைத்திருப்பதில்லை. இறைத்து இறைத்து, சாந்தி செய்து, அப்போதும் சிலர் குடிக்கமாட்டார்கள். இதுவோ அரைகுறைக் கிணறு, ஒரு நாள் பழையது. மூடிவிடுவதுதான் முறை. எனக்கு உதவி செய்வதாய் நினைத்துத்தான் செய்தார்கள்.

அன்றைக்கு நான் அந்தக் கூட்டத்துக்கு முன் வரக்கூடாது. வந்தேன். கையில் வாளி இருந்தது.

"மூடாதேங்கோ" என்றேன்.

அடுத்த காணிக்காரர் கண் வீங்கிப்போய் நின்றார். "தங்கச்சி, உள்ள போங்கோ. நாங்கள் பாத்துக்கொள்ளுறம். இதைப் பாத்துக்கொண்டு நீங்கள் இருக்கேலாது" என்றார்.

"அண்ணை, உங்கட வீட்டில குடிக்கிற தண்ணி இருக்கோ?"

அவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார்.

"வேற ஆரிட்டையேன் இருக்கோ? இருந்தாச் சொல்லுங்கோ. நான் போய் வாங்கிறன். பிறகு மூடுங்கோ."

அடுத்த காணிக்காரரின் பெண்சாதி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ஐயோ அக்கா, அது செத்த தண்ணி. குழந்தைப் பிள்ளைக்கு அதைக் குடுக்கலாமே? உங்கட கையாலயே?"

"அவர் செத்தது இந்தத் தண்ணிக்காகத்தானே! என்னட்டைப் புருசனும் இல்லை. பிள்ளையும் இல்லாமப் பண்ணப்போறியளோ?" என்று கத்தினேன். அவள் கையை விட்டாள்.

சரிவால் இறங்கினேன். மண் புதிதாய்க் காலுக்குக் கீழே வழுக்கியது. கீழே தண்ணீர் என் இடுப்பளவுக்கு ஊறித் தெளிந்து நின்றது. நேற்று அவர் நின்ற இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு நேரே வாளியைத் தாழ்த்தினேன். கொஞ்சம் தயங்கியிருந்தால் மேலே நின்றவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. நான் மூட்டினேன். கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக் கரண்டியால் வாயில் விட்டேன். முதல் கரண்டி கடைவாயால் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது தொண்டையால் இறங்கியது, நான் கண்ணால் கண்டேன். கரண்டி கரண்டியாய் அரைக் கோப்பை போன பிறகு அவள் கண்ணைத் திறந்து, "இன்னும்" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு.

அன்றைக்கு நான் நாலு தரம் அதற்குள் இறங்கினேன். ஆண்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள். சத்தி அன்றே நின்றது, வயிற்றோட்டம் மூன்று நாளில் நின்றது.

நாலாம் தரம் வாளியோடு மேலே ஏறி வரும்போது அடுத்த காணிக்காரரின் பெண்சாதி சரிவின் மேலே நின்றாள். இடுப்பில் குடம். பின்னால் அவளின் பிள்ளைகள் இரண்டும், அவர்களுக்குப் பின்னால் வேறு வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரிடமும் குடம். ஒருவரும் இறங்கவில்லை. நான் ஏறி முடியும்வரை நின்றார்கள்.

"அக்கா, எடுக்கட்டோ?" என்று கேட்டாள்.

எனக்கு அவளின் கன்னத்தில் அறையவேண்டும்போலவும் இருந்தது, அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எடு," என்றேன். "கரையில நிண்டு அள்ளு. உள்ளுக்குக் காலை வைக்காதை."